என்ன

எனக்குச் சம்பளம் மாப்புக்கு.
லேபர் ரூம் தரை, ஐந்தாம் வார்டுத் தரை,
அடைமழையில் செருப்போடு ஏறிவரும் சிவப்புச் சேறு.
நாக்குக்கென்று தனியாக ஒரு சதமும் இல்லை.
ஆனாலும் நடுச்சாமத்தில்
"மரகதம் அக்கே, மெஹாட்ட என்ன" என்று
கூப்பிடுவது நாக்கைத்தான்.

சிங்களத்தில் 'என்ன' என்றால் வா.
தமிழில் அது கேள்வி.
வார்டுக்குள் யாரோ யாரையோ "என்ன, என்ன" என்பார்கள்;
தன்னைத்தான் விசாரிக்கிறார்கள் என்று நினைத்து
வலியில் கிடக்கிறவள் சொல்லத் தொடங்குவாள்:
பனிக்குடம் உடைந்த நேரம்,
கொழுந்து லொறியில் குலுங்கி வந்த வளைவுகள்,
முதல் பிள்ளை பாதியில் போனது.
அவர்கள் கூப்பிட்டது அடுத்த கட்டிலை.

நானும் ஒழுங்காகச் சொன்னதில்லை.
"அன்றைக்குக் கத்தினாயா, இன்றைக்கு மட்டும் என்ன கத்தல்"
என்று ஒரு மிஸ் ஏசினால்
"மூச்சை நல்லா இழும்மா" என்று மாற்றிவிடுவேன்.
புண்ணியம் என்று நினைத்திருந்தேன்.
ஏச்சை விழுங்கி விழுங்கி
மற்றதையும் விழுங்கப் பழகிவிட்டது வாய்:
ஊசி எதற்கு, கத்தி எதற்கு,
கட்டிலைச் சுற்றி நிற்கும் ஆறு பேர் யார்.

சுகிர்தா வந்தது மார்கழிப் பனியில்.
நடுக்கணக்கு, எட்டாம் நம்பர் மலை.
படு என்றதும் எழுந்து உட்கார்ந்தாள்.
"செங்குத்துல கூடையோட நின்னே பழகின இடுப்பு, அக்கா.
நின்னா வலி வழிவிடுது.
நிக்கக் கூடாதான்னு கேட்டுச் சொல்லுங்க.
அந்தக் காயிதத்துல என்ன எழுதியிருக்கு,
அதையும் கேட்டுச் சொல்லுங்க."

காகிதம்.
பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால்
எனக்கும் ஒன்று நீட்டினார்கள்.
சிங்களம் பேசுவேன், எழுத்துத் தெரியாது.
அதில் தமிழில் இருந்தது
என் கையெழுத்து மட்டும்.
மூன்றாவது ஏன் தங்கவில்லை என்று
ரெண்டு வருசம் கோயில் கோயிலாக அலைந்தபின்
கிளினிக்கில் கொப்பியைப் புரட்டிய யாரோ
பேச்சுவாக்கில் சொன்னார்கள்.
அதைப் பற்றி இவ்வளவுதான்.

அன்றைக்கு மாப்பை வாளிக்குள் விட்டேன்.
டொக்டரிடம் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்:
இவள் கேட்கிறாள், நின்றால் என்ன.
இவள் கேட்கிறாள், எங்கே வெட்டுவீர்கள், வெட்டாவிட்டால் என்ன ஆகும்.
இவள் கேட்கிறாள், வெளியே குளிரில் நிற்கும் தங்கச்சியை
ஏன் உள்ளே விடவில்லை.
இது நான் கேட்கிறேன்,
அந்தக் காகிதம் தமிழில் இருக்கிறதா?

மிஸ்ஸுக்கு முகம் சிவந்தது.
டொக்டர் சின்னப் பெண், ரெண்டு நாள் தூங்காத கண்,
நேரமில்லை என்று தொடங்கி
கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.
அந்த அறையில் ஒரு டொக்டர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.
கிளவுஸ் பெட்டியின் பின்பக்கம் படம் கீறினாள்.
பிள்ளைக்குத் துடிப்புக் குறைந்தால் ஒப்பரேஷன்தான்,
அப்போது பேச நேரமிருக்காது என்றாள்.
அதையும் மாற்றாமல் சொன்னேன்.
"அப்படின்னா சரி" என்றாள் சுகிர்தா.
"அதுவரைக்கும் நிக்கிறேன்."

தங்கச்சி வந்து தோளைக் கொடுத்தாள்.
கடைசியில் வெட்டவேண்டி வந்ததா என்று கேட்பீர்கள்.
வந்தது, நாலு மணிக்கு.
தியேட்டர் கதவில் "என்ன" என்றார்கள்.
"வாறேன்" என்றாள்.

விடிந்தபிறகு அதே மிஸ், என் முகம் பாராமல்,
தொடுவதற்கு முன்னால் உங்கள் ஆட்கள்
எப்படிக் கேட்பீர்கள் என்றாள்.
"தொடட்டுமா."
ஒரு துண்டுப் பிளாஸ்டரில் சிங்கள எழுத்தில் எழுதி
பிரஷர் மெஷினில் ஒட்டிக்கொண்டாள்.

போன கிழமை அது கழன்று
என் மாப்பில் சிக்கிக் கிடந்தது.
சிங்களத்தில் எனக்கு வாசிக்கத் தெரிந்த
ஒரே சொல், அதுவும் தமிழ்.
உதறித் துடைத்து அழுத்திப் பார்த்தேன்.
ஒட்டவில்லை.
புதுப் பிளாஸ்டர் கேட்டிருக்கிறேன்.